காலில் தைக்கும் கனி



திருச்சிராப்பள்ளியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து சென்னைச் சாலையில் வடக்கே சென்றால் சமயபுரம் வருகிறது. சித்திரைத் தேரின்போது அவ்வூர் மாரியம்மனைத் தரிசிக்கப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் நடந்தே வருகின்றனர். மஞ்சள் ஆடை உடுத்து, வேப்பிலை ஏந்தி, காலில் செருப்பின்றி நடப்பவர் பலர். தார்ச்சாலை வெயிலில் கொதிக்கும்போது அவர்கள் ஓரத்து மண்ணில் இறங்கி நடப்பார்கள். அங்கே ஒரு சிறு செடி, மண்ணோடு மண்ணாகப் படர்ந்து காய்ந்து கிடக்கும். சுருக்கென்று காலில் ஏதோ தைக்கும். நடந்தவர் நிற்பார், ஒரு காலைத் தூக்கி, தைத்ததைப் பிடுங்கி எறிவார், 'நெருஞ்சி முள்' என்று சொல்லிவிட்டு மேலே நடப்பார்.

அவர் சொன்னதில் பாதி சரி. செடி நெருஞ்சிதான். ஆனால், காலில் தைத்தது வெறும் முள் அன்று. அது ஒரு கனி. இன்னும் திருத்தமாகச் சொன்னால், ஒரு கனியின் ஐந்தில் ஒரு பங்கு. அதனுள்ளே விதைகள் உறங்குகின்றன. அதைப் பிடுங்கி எறிந்தவர், தம்மை அறியாமலே ஒரு செடியை விதைத்துவிட்டுப் போகிறார்.

'முள்' என்று பெயரிட்டு எறிந்துவிடுவதற்கும், 'கனி' என்று அறிந்து கையில் வைத்துப் பார்ப்பதற்கும் இடையே உள்ள தொலைவுதான் கல்வி நடந்து கடக்கும் தொலைவு. ஆகவே, இன்று நெருஞ்சியைச் சற்றே நின்று பார்ப்போம்.

நெருஞ்சி வறண்ட நிலத்துக்குரிய செடி. ராஜஸ்தானத்தின் மணல்வெளியிலும், ஆப்பிரிக்காவின் வறள் நிலங்களிலும், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் அது வளர்கிறது. காவிரியும் கொள்ளிடமும் பாயும் திருச்சிராப்பள்ளிச் சீமையில் அதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பாலைவனம் என்பது பூகோளப் புத்தகத்தில் மஞ்சள் வண்ணம் தீட்டிய இடம் மட்டுமன்று. ஒரு சாண் உயரமும் இல்லாத செடிக்கு, சித்திரை மாதத்துச் சாலையோரமே ஒரு சிறிய பாலைவனம். அங்கே நிழல் இல்லை, நீர் இல்லை, மண் மிதிபட்டு இறுகிக் கிடக்கிறது, ஆடும் மாடும் வண்டியும் மேலே நடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை நின்ற பின் மாதக்கணக்கில் வானம் திறப்பதில்லை. ஆற்றுக்குத் தெற்கே நெல் விளையும் நன்செய் இருக்க, வடக்கே பெரம்பலூரை நோக்கிச் செல்லச் செல்லப் புன்செய் விரிகிறது. அந்தப் புன்செய்யின் கரம்பிலும் களத்து மேட்டிலும் வழியோரத்திலும் நெருஞ்சி வாழ்கிறது.

அத்தகைய இடத்தில் வாழ்வதற்கு அதன் உடலமைப்பு எவ்வாறு உதவுகிறது என்று பார்க்கலாம். நெருஞ்சி நிமிர்ந்து வளர்வதில்லை. ஓர் ஆணிவேரின் தலைப்பிலிருந்து தண்டுகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல நாற்புறமும் தரையிலேயே படர்கின்றன. தரையோடு ஒட்டிக் கிடப்பதனால் காற்று அதை அலைப்பதில்லை. கால்கள் மிதித்தாலும் ஒடிவது குறைவு. தண்டிலும் இலையிலும் மெல்லிய வெண்ணிற மயிர்கள் அடர்ந்திருக்கும்.

இலை ஒரு கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். நுனியில் தனிச் சிற்றிலை இராது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராகத் தோன்றுகின்றன. இங்கே ஒரு விந்தையைக் காணலாம். அவ்விரண்டில் ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. ஒரு கணுவில் பெரிய இலை வலப்புறம் இருந்தால், அடுத்த கணுவில் பெரும்பாலும் இடப்புறம் இருக்கும். நெருஞ்சியைப் பலமுறை மிதித்தவர்களும் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஒரு கொடியைப் பறித்து மேசைமேல் விரித்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் காணலாம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிறப்பும் அந்த இலைக்குள் இருக்கிறது. செடிகள் யாவும் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு உணவு சமைக்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். அவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும் நொதி ஒன்று இலையில் இருக்கிறது. வெப்பம் மிகும்போது அந்த நொதி தடுமாறுகிறது; கரியமில வாயுவைப் பற்றுவதற்குப் பதிலாகப் பிராணவாயுவையும் பற்றிவிடுகிறது. அதனால் செடியின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. மேலும், வாயு உள்ளே வருவதற்காக இலைத்துளைகள் திறந்திருந்தால், அவ்வழியாகவே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வாயிலைத் திறந்தால் நீர் போகிறது. மூடினால் உணவு நிற்கிறது. வறண்ட நிலத்துச் செடிக்கு இது பெரிய இக்கட்டு.

நெருஞ்சி இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அதன் இலையில் நரம்புகளைச் சுற்றி ஒரு வளையமாகச் சிறப்பான உயிரணுக்கள் அமைந்திருக்கின்றன. வெளிப்புற அணுக்கள் கரியமில வாயுவை முதலில் நான்கு கரிம அணுக்கள் கொண்ட ஒரு பொருளாகக் கட்டி, உள்வளையத்துக்கு அனுப்புகின்றன. அங்கே அந்தக் கட்டு அவிழ்கிறது. வாயு செறிவாகச் சேர்கிறது. நொதி தடுமாற இடமில்லை. ஆகவே, இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே செடி தன் உணவைச் சமைத்துக்கொள்ள முடிகிறது. நிலத்துச் செடி வகைகளில் நூற்றுக்கு மூன்று அளவுக்கே இந்த நாற்கரிம வழி உண்டு. கரும்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை அவற்றுள் சேர்ந்தவை. நாம் உரமிட்டு வளர்க்கும் கரும்புக்கும், காலால் மிதிக்கும் நெருஞ்சிக்கும் உள்ளே ஒரே வகை அடுப்பு எரிகிறது.

இனிப் பூவைப் பார்ப்போம். மழைக்குப் பின் முளைத்த சில வாரங்களிலேயே நெருஞ்சி பூக்கத் தொடங்கிவிடும். ஈரம் நிற்கும் நாட்கள் சில. அதற்குள் வாழ்வை முடித்தாக வேண்டும். இலைகளின் கக்கத்தருகே மஞ்சள் நிறப் பூக்கள் ஒவ்வொன்றாக மலர்கின்றன. புல்லிகள் ஐந்து, இதழ்கள் ஐந்து, மகரந்தத் தாள்கள் பத்து, நடுவே ஐந்து அறைகள் கொண்ட சூற்பை. காலையில் மலர்ந்த பூ அன்றைக்குள் தன் வேலையை முடித்து இதழ்களை உதிர்த்துவிடும். வண்டும் ஈயும் வந்தால் அவை மகரந்தத்தைக் கொண்டு செல்லும். வாராவிட்டாலும் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுக் காய்க்க வல்லது.

சூற்பையின் அறைகள் ஐந்து என்றேன். அந்த ஐந்தே பின்னர் கனியின் ஐந்து பங்குகள் ஆகின்றன. கனி முற்றும்போது பச்சை நிறம் மாறி, மரம்போல் இறுகி, ஐந்தாகப் பிளந்து உதிர்கிறது. இத்தகைய கனியைத் தாவரவியலார் பிளவுக்கனி என்பர். ஒவ்வொரு பங்கும் ஒரு சிறிய கோடரித் தலைபோல் இருக்கும். அதில் நீண்ட முட்கள் இரண்டு, குறுகிய முட்கள் இரண்டு. இப்பங்கைத் தரையில் எப்படி எறிந்தாலும் ஏதேனும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். முற்காலப் போர்களில் குதிரைகளின் காலை ஊறுபடுத்த, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும் இரும்பு முட்களைத் தரையில் தூவினார்கள். லத்தீன் மொழியில் அதற்கு வழங்கிய பெயரையே இச்செடிக்கும் இட்டனர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 'டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ்' என்று இதன் பெயரை நூலில் பதிந்தார். 'நிலத்து முட்கருவி' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஆனால், செடியின் நோக்கில் அது போர்க்கருவி அன்று, அது ஊர்தி. மாங்கனி தன் விதையைப் பரப்ப இனிப்பைக் கூலியாகக் கொடுக்கிறது. எருக்கு தன் விதைக்குப் பஞ்சைக் கட்டிக் காற்றில் விடுகிறது. இனிப்பைச் செய்ய நீரும் பொருளும் வேண்டும். நெருஞ்சியிடம் அவை இல்லை. ஆகவே, அது கூலி கொடாமலே பயணம் செய்யக் கற்றுக்கொண்டது. மாட்டின் குளம்பிலும், ஆட்டின் ரோமத்திலும், மனிதனின் பாதத்திலும், இன்று வண்டிச் சக்கரத்திலும் ஏறிச் செல்கிறது.

பங்கு ஒன்றுக்குள் இரண்டு முதல் ஐந்து விதைகள் தனித்தனி அறைகளில் இருக்கும். அவை யாவும் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. ஒன்று முதல் மழைக்கு முளைத்தால், மற்றவை காத்திருக்கும். அந்த ஆண்டு மழை பொய்த்து முதல் செடி கருகிப் போனாலும், குடும்பம் அழிந்துவிடாது. விதைநெல் முழுவதையும் ஒரே பருவத்தில் விதைத்துவிடாத உழவரின் முன்யோசனை இதில் தெரிகிறது.

இந்தப் பயண ஆற்றலால் நெருஞ்சி கண்டங்களைக் கடந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது அயல்நாட்டுக் களை. மிதிவண்டிச் சக்கரங்களைத் துளைப்பதனால் அங்கே அதற்குச் 'சக்கரம் துளைக்கும் கொடி' என்னும் பொருள்படப் பெயர் வழங்குகிறது. 1961-ஆம் ஆண்டில் அதைக் கட்டுப்படுத்துவதற்காக இத்தாலியிலிருந்து இருவகைக் கூன்வண்டுகளைக் கொண்டுபோய் அங்கே விட்டனர். ஒன்றின் புழு கனிக்குள் விதையைத் தின்னும். மற்றொன்றின் புழு தண்டைக் குடையும். ஒரு செடியை அடக்க விரும்பியவர்கள் முதலில் அதன் பகைவர் யார் என்று படிக்க வேண்டியிருந்தது. களையை ஒழிப்பதற்கும் அறிவுதான் முதலில் வேண்டும்.

பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகளில் நெருஞ்சியின் உறவினச் செடி ஒன்று வளர்கிறது. அதன் கனியும் முள் உடையது, மிகவும் கடினமானது. அங்குள்ள டாப்னி மேஜர் என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் ஆய்வாளர் தம்பதியர் 1973 முதல் பல ஆண்டுகள் பின்ச் என்னும் குருவிகளை ஆராய்ந்தனர். 1977-ஆம் ஆண்டில் அங்கே மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்தன. எஞ்சியவை பெரும்பாலும் கடினமான விதைகளே. நெருஞ்சியினக் கனியைப் பருத்த அலகுடைய குருவிகளால் உடைக்க முடிந்தது. சிறிய அலகுடையவற்றால் முடியவில்லை. குருவிகளில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகள் வளர்ந்தபோது, அவற்றின் சராசரி அலகு முன்னைய தலைமுறையினுடையதைவிடப் பருத்திருந்தது. டார்வின் 1859-இல் நூலாக எழுதிய இயற்கைத் தேர்வு, ஆய்வாளரின் கண்ணெதிரே சில ஆண்டுகளில் நிகழ்ந்தது. உயிர்களின் வரலாற்றை மாற்றும் உரைகல்லாக நின்றது, நாம் காலிலிருந்து பிடுங்கி எறியும் பொருளின் உடன்பிறப்பு.

இவ்வளவும் அயல்நாட்டு அறிவு என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் புலவர்கள் நெருஞ்சியைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 202-ஆம் பாட்டைப் பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். கண்ணுக்கு இனிய புதிய பூவாக இருந்து பின்னர் முள்ளைத் தரும் நெருஞ்சியை, முன்பு இனியனாய் இருந்து பின்பு துன்பம் தரும் தலைவனுக்கு அவர் உவமை ஆக்குகிறார். பூவே பின்னர் குத்தும் பொருளாக மாறுகிறது என்ற தாவரவியல் உண்மை அந்த உவமையில் அடங்கியிருக்கிறது. இலை சிறியது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. புறநானூற்றின் 155-ஆம் பாட்டில் மோசிகீரனார், பாழ்பட்ட ஊரில் பூத்த நெருஞ்சி கதிரவனை எதிர்நோக்குவதைச் சொல்கிறார். மனிதர் கைவிட்ட மண்ணில் முதலில் குடியேறும் செடிகளுள் அது ஒன்று என்பதை அவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பூட்டுவது திருவள்ளுவரின் சொல்லாட்சி. 1120-ஆம் குறளில், அனிச்சப் பூவும் அன்னத்தின் இறகும்கூடத் தலைவியின் அடிக்குத் துன்பம் தரும் என்று சொல்ல வந்தவர், அத்துன்பத்துக்கு நெருஞ்சியை உவமை ஆக்குகிறார். அங்கே அவர் 'முள்' என்று சொல்லவில்லை. 'பழம்' என்று சொல்கிறார். காலில் குத்துவது பழம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று சாலையில் நடக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் முன்னோர் பார்த்ததோடு நிற்கவில்லை, பயனும் கொண்டனர். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் சேர்ந்த மருந்துக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயர். காரியாசான் தாம் இயற்றிய நீதிநூலுக்கு அப்பெயரையே சூட்டினார். உடற்பிணிக்கு ஐந்து வேர்; உள்ளப்பிணிக்குப் பாட்டுக்கு ஐந்து கருத்து. சித்த மருத்துவத்தில் நீர்க்கட்டு முதலியவற்றுக்கு நெருஞ்சி இன்றும் வழங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் என்று கேட்டால் இருவகைச் சரக்கு இருக்கும். ஒன்று நாம் பேசும் சிறுநெருஞ்சி. மற்றொன்று யானை நெருஞ்சி எனப்படும் பெருநெருஞ்சி. பெயரில் உறவு, பிறப்பில் உறவில்லை. யானை நெருஞ்சி எள்ளுக்கு நெருங்கிய வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலை கூட்டிலை அன்று. தனி இலை, சதைப்பற்றுள்ளது. பூ சிறு குழல்போல் இருக்கும். கனி ஐந்தாகப் பிளவாது. நான்கு மூலையிலும் முள்ளோடு ஒரே கட்டியாக நிற்கும். அதன் பச்சைத் தழையை நீரில் விட்டுக் கலக்கினால் நீர் கொழகொழப்பாகிவிடும். சிறுநெருஞ்சியை அப்படிக் கலக்கினால் ஒன்றும் ஆகாது. பெயரை மட்டும் கேட்டு மருந்து கொள்பவர் ஏமாறுவார். இலையைப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார்.

மருந்தாகும் செடி எல்லா உயிர்க்கும் எல்லா அளவிலும் நன்மையே செய்யும் என்றும் கொள்ளலாகாது. தென்னாப்பிரிக்காவில் வாடிய நெருஞ்சியை மிகுதியாகத் தின்ற ஆடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் தலை வீங்கி மஞ்சள் பாரிக்கும் கொடுநோய் வருவதுண்டு. ஆகவே, வைத்தியரைக் கேளாமல் நீங்களாகப் பறித்துக் குடித்துப் பார்க்க வேண்டாம்.

செடிகளைப் பெயரறிந்து பிரித்துப் பார்க்கும் கலைக்குத் திருச்சிராப்பள்ளியே ஒரு சிறந்த நிலையமாக இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டில் ராபினட் உலர்தாவரக் காப்பகம் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய அருட்டந்தை கே. எம். மாத்யூ, தமிழகச் சமவெளியின் செடிகொடிகளை மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரிட்டு அடுக்கினார். அந்த உழைப்பின் பயனாக 1981 முதல் பெருநூல் தொகுதிகள் வெளிவந்தன. 2004-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய காப்பகம் நிலைத்திருக்கிறது. கோயில் தேரைப் போலக் கண்ணைக் கவரும் பணி அன்று அது. ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, இரு தாள்களுக்கிடையே வைத்து அழுத்துவது. எந்த ஊரில், எந்த நாளில் எடுத்தது என்று எழுதி வைப்பது. அத்தகைய சிறு செயல்கள் பல்லாயிரம் சேர்ந்தே ஒரு நாட்டின் தாவர அறிவு உருவாகிறது.

அந்த அறிவு தேய்வதற்கும் அதிக காலம் வேண்டியதில்லை. சாலைகள் அகலமாகின்றன, ஓரங்களில் கல் பதிக்கிறார்கள், நாமும் செருப்பில்லாமல் நடப்பது அரிதாகிவிட்டது. நெருஞ்சி அழிந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. அது நம்மைவிடக் கெட்டி. நெருஞ்சியை அறிந்த கண்கள் அழிந்துவிடுமோ என்பதே என் அச்சம். தும்பை, நாயுருவி, குப்பைமேனி, கீழாநெல்லி, நெருஞ்சி என்று வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே வளரும் ஐந்து செடிகளைக் காட்டி இது இன்னது என்று சொல்லத் தெரியாத மாணவன், தாவரவியல் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றாலும் அவன் படிப்பு நிறைவடையாது. பாட்டிலே நெருஞ்சி வரும்போது 'ஒரு வகைச் செடி' என்று உரை எழுதிக் கடந்துபோகிறவனுக்கு நன்முல்லையார் சொன்ன துயரமும் விளங்காது. செடியை இழந்தவன் பாட்டையும் இழக்கிறான்.

ஆகவே, உங்களுக்கு இரண்டு வேலைகள் தருகிறேன். கருவி ஒன்றும் தேவையில்லை.

முதலாவது, மழைக்காலத்தில் பூத்த நெருஞ்சி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். காலை எட்டு மணிக்கு அதன் அருகே ஒரு குச்சியை நட்டு, பூ எத்திசையை நோக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை, இதழ் உதிரும்வரை குறியுங்கள். ஒரு பூவைப் பார்த்து முடிவு செய்யாமல் பத்துப் பூக்களைப் பாருங்கள். மோசிகீரனார் சொன்னதை உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். முன்னோர் சொல்லை மதிப்பது என்பது அதைச் சோதித்துப் பார்ப்பதும்தான்.

இரண்டாவது, கோடையில் உங்கள் காலிலோ மிதிவண்டியிலோ நெருஞ்சி தைத்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அது போன்ற பங்குகள் ஐந்தைச் சேர்த்து, ஒரு மண்தொட்டியில் புதைத்து, மழை தொடங்கும்போது நீர் விடுங்கள். எத்தனை முளைக்கின்றன, எந்த நாளில் முளைக்கின்றன என்று எழுதி வையுங்கள். சில முளைக்கும், சில முளைக்கமாட்டா. முளைக்காதவை பழுது என்று எண்ணித் தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். அடுத்த ஆண்டு மழைக்கும் நீர் விட்டுப் பாருங்கள்.